மெஷின் போயிருச்சு

எங்கள் பக்கத்தில் ஓடாமல் நின்றுபோன எந்தப் பொருளுக்கும் ஒரே நோய்ப்பெயர்தான்: 'மெஷின் போயிருச்சு.' தையல் மிஷின், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், கைக்கடிகாரம், எல்லாவற்றுக்கும் அதே பெயர். கேட்கிறவருக்கு எதிர்க் கேள்வி போட இடமே தராத வாக்கியம் அது. மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, போனது எது என்றும் தெரியாது. தெரிய வருவதெல்லாம் அடுத்து சொல்லப்படும் தொகை மட்டும்தான்.

ஆனைக்குட்டம் சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில் இருக்கிறது. அர்ச்சுனா நதியில் அணை உள்ள ஊர். ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாட்களில் கரிசலும் வேலிக்கருவேலமும் ஆலை வேன்களும்தான். விடிந்தும் விடியாமல் வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு மூன்றில் ஏதோ ஒன்றில் கைபடாத குடும்பம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. நாடு முழுக்கச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர்களில் பெரும்பங்கு சிவகாசியில் அச்சாவதுதான். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். நடப்பு வருஷத்தில் பாதி தாண்டிய கையோடு அடுத்த வருஷத்தை விற்க ஆரம்பித்துவிடுகிற ஊர் இது.

நாளை அச்சடிக்கிற ஊரில் மணி பார்ப்பதற்கு வேறொரு அர்த்தம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். எங்காவது ஒரு சத்தம் கேட்டால் நாங்கள் முதலில் பார்ப்பது திசையை அல்ல, மணியை. சத்தம் வந்த நேரம் தெரிந்தால், நம் வீட்டு ஆள் அப்போது எங்கே இருந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போடலாம். ஒன்பதரை என்றால் அறைக்குள். பதினொன்று என்றால் டீக்கு வெளியே வந்திருக்கலாம். ஒரு மணி என்றால் மரத்தடியில் சோத்துச்சட்டியைத் திறந்திருக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 40 பேர் அளவில் மாண்டது மதிய வேளையில். அன்றைக்கு எத்தனையோ வீடுகளில் அந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். பல வீடுகளில் கணக்குப் பொய்த்தது.

என் அம்மா இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே கொண்டுபோகக் கூடாது. வேலை முழுக்கப் பீஸ் ரேட். இத்தனை குரோஸ் முடித்தால் இவ்வளவு கூலி. ஒரு மணி நேரத்தில் கை எவ்வளவு ஓடுகிறது, சாப்பாட்டுக்குள் எவ்வளவு முடிக்க முடியும், இன்றைய சம்பளம் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் அம்மா இடது மணிக்கட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் கடிகாரத்தைப் பல வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளி போனஸில் 1,100 ரூபாய்க்கு வாங்கினார். வீட்டுக்கு என்று இல்லாமல் தனக்கு என்று அவர் வாங்கிய பொருட்களைப் பட்டியல் போட்டால் அது முதலில் வரும். இரண்டாவதாக எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சென்ற வருஷம் அது நின்றது. அம்மாவை அழைத்துக்கொண்டு சிவகாசியில் பெரிய கண்ணாடி முகப்புள்ள ஒரு கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் பின்மூடியைத் திறந்தான், பழைய செல்லை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தான், முள்ளைப் பார்த்தான். அசையவில்லை.

"செல் புதுசு போட்டும் ஓடலம்மா. மெஷின் போயிருச்சு. மாத்தணும்னா 650 ஆகும். இல்லைன்னா இந்த மாடல் பாருங்க, ஆஃபர்ல இருக்கு."

அம்மா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "ஏய்யா, இது என் ஒன்றரை நாள் கூலிய்யா."

அதில் வருத்தம் இல்லை, கணக்குதான் இருந்தது. எந்தத் தொகையையும் அம்மா கையின் வேலையாக மாற்றிப் பார்ப்பார். யோசித்துச் சொல்கிறோம் என்று கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மெஷின் என்று அந்தப் பையன் சொன்னதற்குள் என்னதான் இருக்கிறது? ஒரு பொத்தான் செல். ஒரு சின்ன மின்சுற்றுத் தகடு. அரிசியை விடப் பெரிதில்லாத உலோகக் குழாய்க்குள் இசைக்கவை வடிவத்தில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம். ஒரு கம்பிச்சுருள். அதனால் இயங்கும் குட்டி மோட்டார். பிறகு சில பற்சக்கரங்கள். படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் மறுபக்கமும் உண்மை: மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும். கைக்கடிகாரத்தில் உள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணை இரண்டால் பதினைந்து முறை வகுத்துக்கொண்டே வந்தால் சரியாக ஒன்று. அதாவது நொடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு கம்பிச்சுருளுக்குப் போகும், சுருள் காந்தமாகும், மோட்டார் அரைச்சுற்றுச் சுற்றும், நொடிமுள் ஒரு கட்டம் நகரும். இவ்வளவுதான் சங்கதி.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 4,50,000 யென். அந்த நாளில் அங்கே ஒரு கார் வாங்குகிற காசு. பதினைந்து ஆண்டுகளுக்குள் அது சாதாரண மனிதர்களின் கைக்கு வந்துவிட்டது. 1970இல் சுமார் 90 ஆயிரம் பேர் வேலை பார்த்த ஸ்விட்சர்லாந்துக் கடிகாரத் தொழிலில், எண்பதுகளின் நடுவில் 30 ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். இங்கே, 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்த எச்எம்டி, சாவி கொடுக்கும் கடிகாரங்களால் ஒரு தலைமுறையின் மணிக்கட்டைப் பிடித்து வைத்திருந்தது. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்து, குவார்ட்ஸை நம்பி இறங்கினார்கள். எச்எம்டியின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது.

இந்தக் கதையில் பழுது பார்க்கிறவர்களுக்கு என்ன ஆனது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சாவிக் கடிகாரத்தை அவ்வப்போது பிரித்து, கழுவி, எண்ணெய் விட வேண்டும். ஒரு ஊரில் நான்கு ரிப்பேர்க்காரர்கள் பிழைக்க அதுவே போதும். குவார்ட்ஸில் இரண்டு மூன்று வருஷத்துக்கொருமுறை செல் மாற்றினால் போதும். செல் மாற்றியும் ஓடாவிட்டால் மெஷினையே கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டிவிடலாம், ஏனென்றால் மெஷின் அவ்வளவு மலிவாகிவிட்டது. ஆனைக்குட்டத்துக் கடிகாரத்திலும் ஆப்பிரிக்காவில் எங்கோ ஒரு கடிகாரத்திலும் அதே மெஷின் இருக்கலாம். சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 2035 அப்படி உலகம் முழுக்கப் பரவிய ஒன்று. மெஷினின் எண் அதன் முதுகிலேயே பொறித்திருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு உதிரிப்பாகம் விற்கிற எந்தக் கடையிலும் விலை கேட்கலாம். கேட்டுவிட்டுப் போகிறவரிடம் 650 என்று சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் வாய் கொஞ்சம் தயங்கும்.

விருதுநகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எழுபதுக்கு மேல் வயது. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேஜை விளக்கு, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ். பெயர்ப்பலகை கிடையாது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரிடம் போனேன். கடிகாரத்தைக் கையில் வாங்கியதும் அவர் திறக்கவில்லை. முதலில் கேள்விகள்தான்.

"எப்பத் தாயி நின்னுச்சு? பட்டுனு நின்னுச்சா, இல்ல மணி தப்பித் தப்பி ஓடி நின்னுச்சா?"

"ரெண்டு மாசமாவே பிந்திப் பிந்தி ஓடுச்சு அண்ணாச்சி. அப்புறம்தான் நின்னுச்சு."

"தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"இல்ல."

"கடைசியா செல்லு எங்க மாத்துனீக?"

அம்மா யோசித்தார். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வந்தபோது, கூட்டத்துக்குள் தெருவோரம் ஒரு ஆளிடம் முப்பது ரூபாய்க்கு மாற்றியதாகச் சொன்னார். பெரியவர் தலையை ஆட்டினார். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிட்டது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

மூடியைத் திறந்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். செல் உட்காரும் குழியின் அடியில் இருந்த பித்தளை நாக்கில் உப்புப் பூத்தது மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. "பழைய செல்லு ஒழுகியிருக்கு. இந்த நாக்கு வழியாத்தேன் கரண்டு போகணும். இது மேல புதுச் செல்லு வச்சா எப்படி ஓடும்?" என்றார். பிறகு மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் கம்பிச்சுருளின் இரு பக்கமும் தொட்டார். இரண்டு கிலோ ஓம் அளவில் காட்டியது. "சுருளு நல்லாருக்கு. இது அந்துபோயிருந்தா மீட்டரு ஒண்ணுமே காட்டாது. அப்பத்தேன் மெஷின் மாத்தணும்." முடியை விட மெல்லிய கம்பி அது. ஸ்க்ரூ டிரைவர் ஒரு தடவை வழுக்கினால் அறுந்துவிடும். கண் தெரியாதவர்களும் அவசரக்காரர்களும் நல்ல மெஷினைக் கெடுப்பது பெரும்பாலும் அங்கேதான் என்றார்.

கூர் சீவிய மூங்கில் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து அந்த நாக்கைப் பத்து நிமிஷம் சுரண்டிச் சுரண்டித் துடைத்தார். புதுச் செல்லின் உறையை எங்கள் முன்னால் கிழித்தார். நொடிமுள் நகர்ந்தது. அவர் உடனே கொடுத்துவிடவில்லை, கால் மணி நேரம் மேஜைமேல் போட்டுவைத்தார். மூடியின் ரப்பர் வாஷரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அழுத்தி மூடினார்.

செல்லுக்கு 80, வேலைக்கு 50. மொத்தம் 130.

அவரிடம் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் கற்றவற்றையும், பிறகு நானாகத் தேடித் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். யாருக்காவது ஒன்றரை நாள் கூலி மிச்சமாகலாம்.

கடைக்குப் போவதற்கு முன் நொடிமுள்ளைக் கவனியுங்கள். ஒவ்வொரு நொடியாகப் போகாமல் இரண்டு அல்லது நான்கு நொடிக்கு ஒருமுறை தாவினால் பல கடிகாரங்களில் அது கோளாறு இல்லை, செல் தீரப்போகிறது என்ற அறிவிப்பு. அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள். இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டு முன்னேறாமல் இருந்தால், சுற்றும் சுருளும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். செல் பலவீனமாக இருக்கலாம், பற்சக்கரத்தில் அழுக்கு இருக்கலாம், முள் ஒன்றோடொன்று உரசலாம். அசைவே இல்லாவிட்டால் செல், ஒழுகல், அறுந்த சுருள் என்ற வரிசையில் சந்தேகப்பட வேண்டும். இதில் கடைசியைத் தவிர மற்றவற்றுக்கு மெஷின் மாற்றத் தேவையில்லை.

செல்லின் முதுகில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். பெண்கள் கடிகாரங்கள் பலவற்றில் எஸ்ஆர் 626 எஸ்டபிள்யூ என்றோ 377 என்றோ இருக்கும். இரண்டும் ஒன்றுதான். எஸ்ஆர் என்று தொடங்கினால் சில்வர் ஆக்சைடு. 1.55 வோல்ட்டைக் கடைசிவரை ஏறக்குறைய ஒரே சீராகக் கொடுத்துவிட்டுத் தீரும். எல்ஆர் என்று தொடங்கினால் ஆல்கலைன். அதே அளவு, அதே பளபளப்பு, விலை மிகக் குறைவு. ஆனால் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சீக்கிரம் தீரும், ஒழுகும் வாய்ப்பும் அதிகம். பொம்மைக்கும் லேசர் விளக்குக்கும் அது போதும். முப்பது ரூபாய்க்கு மாற்றிய செல்தான் 650 ரூபாய்க் கோளாறாகப் பிறகு வந்து நின்றது. ஏமாற்று எப்போதும் அதிக விலையின் வேஷத்தில் வருவதில்லை. குறைந்த விலையிலும் வரும், வந்தது தெரிய இரண்டு வருஷம் ஆகும்.

கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். 'விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க' என்றால் மெஷினின் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, என்ன வேலை, எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் மாற்றினால் பழைய மெஷினைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் பொருள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெரிய தொகையில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் 650 ரூபாய்க்காக ஒரு தினக்கூலிக்காரர் வேலையை விட்டுவிட்டு ஆணையத்துக்கு அலைந்தால் கூலி போனதுதான் மிச்சம். சிறிய தொகைகளில் நடக்கும் அநியாயம் பத்திரமாக இருப்பது அதனால்தான். இங்கே நமக்கிருக்கும் ஒரே பாதுகாப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது.

அப்படியானால் கண்ணாடி முகப்புக் கடைப் பையன் ஏமாற்றினானா? பல நாள் யோசித்தேன். அவன் புதுச் செல் போட்டுப் பார்த்தான், ஓடவில்லை, பார்த்ததைத்தான் சொன்னான். அவனுக்கு யாரும் மல்டிமீட்டர் பிடிக்கச் சொல்லித் தரவில்லை. பத்து நிமிஷம் ஒரு நாக்கைத் துடைத்துக்கொண்டிருக்க அந்தக் கடையில் அவனுக்கு நேரமும் கிடையாது. அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு புதுக் கடிகாரத்தை விற்றாக வேண்டும். செல் மாற்று, ஓடாவிட்டால் மெஷின் மாற்று, அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆஃபரைக் காட்டு: அவனுக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான். அவனுக்குத் தெரியாததற்கும் சேர்த்துத்தான் 650. தொழில் தெரிந்தவர் குறைவாக வாங்குகிறார், தெரியாத இடத்தில் அதிகம் கேட்கிறார்கள். எந்த ஊர் நியாயம் என்று தோன்றும். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. கடை வாடகை, ஏசி, விளக்கு எல்லாவற்றையும் யாரோ கொடுக்கத்தானே வேண்டும்.

படிக்கட்டுக்கு அடியில் நடந்தது வேறு. பெரியவர் 130 என்றதும் நான் பர்ஸை எடுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டுத் தன் சுருக்குப்பையைத் திறந்தார். 150 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

"இருவது ரூவா கூட இருக்கு தாயி."

"இருக்கட்டும் அண்ணாச்சி. இம்புட்டு நேரம் பாத்தீகள்ல."

"நேரத்துக்கெல்லாம் காசு வாங்குனா கட்டுப்படியாகுமா?" என்று சிரித்துக்கொண்டே இருபது ரூபாயை நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், எதற்காகக் கூடக் கொடுத்தீர்கள் என்று. அம்மாவுக்கு அதில் தத்துவம் எதுவும் இல்லை. "அவரு அம்பது ரூவாய்க்கு அரை மணி நேரம் குனிஞ்சு உக்காந்துருக்காரு. நமக்குத் தெரியாதாக்கும், குனிஞ்சு உக்காந்து செய்யுற வேலை?" என்றார். பீஸ் ரேட்டில் வாழ்கிறவர்களுக்கு இன்னொருவரின் பீஸ் ரேட் பார்த்த உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

'அதிகம் வாங்கிவிட்டான்' என்று நாம் சொல்வதை எதை வைத்துச் சொல்கிறோம்? பொருளின் விலையோடு ஒப்பிட்டால், 1,100 ரூபாய்க் கடிகாரத்துக்கு 650 அதிகம்தான். பக்கத்துக் கடையோடு ஒப்பிட்டால் வேறொரு விடை. அம்மா ஒப்பிட்டது உழைப்போடு. அந்தத் தராசில் 650 அதிகம், 130 குறைவு. பேரம் பேசுவதையே சாமர்த்தியம் என்று வளர்ந்த நமக்கு, குறைவாகக் கேட்கிறவரிடம் கூடுதலாகக் கொடுப்பதும் அதே கணக்கின் மறுபக்கம் என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. ஏமாறாமல் இருப்பது என்றால் ஒரு பக்கம் மட்டும் பார்த்துக்கொள்வது இல்லை.

பெரியவருக்கு அடுத்து அந்த மாடிப்படியில் உட்கார ஆள் கிடையாது. மகன் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் இருக்கிறார், மாதச் சம்பளம். "இதுல உக்காந்து அவன் என்ன பண்ணப் போறான்? நான் போனா இந்தப் பொட்டியும் போகும்" என்று செல் உறையைக் குப்பையில் போட்டபடியே சாதாரணமாகச் சொன்னார். அவர் போன பிறகு எங்கள் பக்கத்துக் கடிகாரங்களுக்கெல்லாம் உண்மையாகவே மெஷின் போய்விடும். துடைத்தால் ஓடிவிடும் என்று சொல்ல ஆள் இல்லாத ஊரில் எல்லாப் பழுதும் மாற்ற வேண்டிய பழுதுதான். அப்போது 650 நியாய விலையாகிவிடும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு விலை இருக்காது.

எனவே நின்றுபோன கடிகாரம் ஏதாவது உங்கள் பீரோவில் கிடந்தால் எடுங்கள். உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு மாடிப்படிக்கு அடியிலோ பஸ் ஸ்டாண்டு ஓரத்திலோ ஒருவர் இன்னும் உட்கார்ந்திருப்பார். கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், செல்லின் எழுத்தைப் படியுங்கள், பழையதைத் திருப்பிக் கேளுங்கள். வேலை முடிந்ததும், அவர் எவ்வளவு நேரம் குனிந்திருந்தார் என்று ஓட ஆரம்பித்த அந்தக் கடிகாரத்திலேயே ஒருமுறை பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.